பிக்கப்பின் மஞ்சள் விளக்கு

என் கணவர் பரசுராமன் மனம்விட்டுப் பேசுவது அந்த பிக்கப் வண்டியோடு மட்டும்தான். வீட்டில் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க நான் நான்கு வார்த்தை செலவழிக்க வேண்டும். நான் பால்வாடி டீச்சர், நாள் முழுக்கக் கத்திப் பழகிய தொண்டை, அதனால் செலவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வரவுதான் குறைவு.

அது சின்னக் காஞ்சிபுரத்தில் இருக்கும் ஓர் அறக்கட்டளையின் வண்டி. கிராமம் கிராமமாகப் போய் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்துகிறவர்கள். எப்போதோ வெளிநாட்டுக்காரர்கள் நன்கொடையாக விட்டுவிட்டுப் போன ஜப்பான் வண்டி அது. முன்னால் இரண்டு வரிசை சீட்டில் டாக்டரம்மாவும் மற்றவர்களும் உட்காரலாம், பின்னால் மேசை நாற்காலியும் கருவிகளும் ஏற்றலாம். பெட்ரோலில் ஓடும். அதைப் போல் இன்னொரு வண்டி ஊரில் கிடையாது. அதனால் அதற்கு வரும் வியாதியும் ஊரில் யாருக்கும் தெரியாது.

ஆயுத பூஜைக்கு எனக்குச் சேலை எடுக்க மறந்தாலும் மறப்பார், அந்த வண்டிக்கு மாலை வாங்க மறக்க மாட்டார். முதல் நாளே பானெட்டைத் திறந்து உள்ளும் புறமும் கழுவி விடுவார். சந்தனத்தைக் கல்லில் தானே உரைத்து, கிண்ணத்தில் வழித்துக்கொண்டு போவார். ரெடிமேட் பொட்டலச் சந்தனம் என் வண்டிக்கு ஆகாது என்பார். என் வண்டியாம்! ஆர்.சி. புத்தகத்தில் இவர் பேரா இருக்கிறது?

இரண்டாயிரத்து மூன்று மார்கழியில் ஒரு நாள், அந்த வண்டியின் சாவியைச் செயலாளர் மேசைமேல் வைத்துவிட்டு, ஷேர் ஆட்டோக்கள் கூவிக் கூவிக் கூப்பிடுகிற சாலையில் ஐயம்பேட்டையில் இருக்கும் எங்கள் வீடு வரைக்கும் நடந்தே வந்து சேர்ந்தார். கால் கழுவினார். சாப்பிட்டார். படுத்துவிட்டார். நடந்தது எனக்கு மறுநாள் அங்கே சமையல் வேலை பார்க்கும் கிருஷ்ணவேணி சொல்லித்தான் தெரிந்தது.

செயலாளர் சௌந்தரராஜன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி கேட்கிற விதத்தில் இன்னும் பிரம்பு இருக்கும். முகாமுக்குக் கிளம்பும் நேரத்தில், டாக்டரம்மா, கம்பவுண்டர் துரைக்கண்ணு, கிருஷ்ணவேணி, கண்ணில் கட்டுப் போட்ட நோயாளிகள் எல்லாரும் நிற்கிற முற்றத்தில் வைத்துக் கேட்டிருக்கிறார்.

"முன்னெல்லாம் பத்து லிட்டர் போட்டா தாமல், ஏனாத்தூர், ஐயம்பேட்டை எல்லாம் போயிட்டு வந்தும் மிச்சம் இருக்கும். இப்போ தாமல் போயிட்டு வரதுக்குள்ள பங்க்ல போய் நிக்கறே. பெட்ரோல் எங்கப்பா போறது?"

துரைக்கண்ணு பக்கத்திலிருந்து, "கிட்ட போனாலே சட்டை பெட்ரோல் நாத்தம் அடிக்குது சார்" என்று எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

திருடன் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். எங்கள் தெருவில் பிறந்தவர்களைப் பற்றி அப்படி நினைக்கப் பலருக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அதில்தான் எனக்கு வயிறு எரிந்தது.

"நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?" என்று இவரிடம் கேட்டேன்.

"இன்னா சொல்றது?"

"மஞ்ச லைட் எரியுதுன்னு நீங்க அவருகிட்ட சொன்னீங்க இல்ல? வண்டி ஓடுதில்ல, வுடுன்னு சொன்னது அவர்தானே? எங்கிட்ட வந்து சொன்னீங்களே, பூஜை முடிஞ்ச வாரம்."

"அவரு பெட்ரோலப் பத்திக் கேட்டாரு. லைட்டப் பத்திக் கேக்கல."

இதற்குமேல் இந்த மனிதரோடு எப்படிக் குடித்தனம் செய்வது, சொல்லுங்கள். ஸ்பீடு காட்டும் முள்ளுக்குக் கீழே இன்ஜின் படம் போட்ட ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. ஆயுத பூஜைக்குப் பிறகு அது சில நாள் எரியும், சில நாள் எரியாது. வண்டிக்கு ஏதோ கோளாறு என்று அதற்கு அர்த்தம். அந்தக் கோளாறுதான் பெட்ரோலைக் குடிக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தோன்றினால் போதுமா, யாராவது நிரூபிக்க வேண்டுமே.

நான் நேராகச் செயலாளரிடம் போனேன். அவர் பிரபந்தம் சொல்லி முடித்துவிட்டுத் திருமண் ஈரம் காயாமல் உட்கார்ந்திருந்தார்.

"சார், எங்க பெரியம்மா பையன் கிறிஸ்டோபர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஷார்ஜாவுல இந்த மாதிரி வண்டிங்கள பாத்தவன். இங்கியே, உங்க முற்றத்துலயே வந்து பாக்கட்டும்."

"பாக்கட்டுமே. நானா வேண்டாங்கறேன்? ஆனா வண்டியில ஒண்ணும் இல்லேன்னா?"

"இல்லேன்னா அவரும் நானும் இந்தப் பக்கமே வர மாட்டோம் சார். இருந்துச்சுன்னா, அன்னைக்கு எந்த எடத்துல நின்னு கேட்டீங்களோ, அதே எடத்துல, அதே ஆளுங்க எதிர்ல, பரசுராமன் எடுக்கலன்னு நீங்க சொல்லணும்."

அவர் என்னை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார். வாத்தியாருக்கு வாத்தியார் கொடுத்த வாக்கு.

கிறிஸ்டோபர் அடக்க ஒடுக்கமான ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஏனாத்தூர் சாலையில் ஒரு ஷெட் வைத்துக்கொண்டு ஊரையே விலைக்கு வாங்கியவன் போலப் பேசுவான். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"இது சைலன்சர் பக்கத்துல இருக்கற சென்சார்தாங்கா. கண்ண மூடிக்கினு சொல்லுவேன்."

"கண்ணத் தொறந்து பாத்துட்டுச் சொல்லுடா."

இன்ஜினுக்குப் பக்கத்தில் கைக்கடக்கமான ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதன் மூடியைத் திறந்தான். உள்ளே வரிசையாகப் பின்கள். அதில் ஒரு குறிப்பிட்ட பின்னையும் இன்னொன்றையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால், அந்த மஞ்சள் விளக்கு கண்ணைச் சிமிட்டித் தன் கோளாறைச் சொல்லும் என்றான். இத்தனை முறை சிமிட்டினால் இன்ன கோளாறு என்று கணக்காம். எல்லாம் சரி, கம்பியைக் கொண்டுவர மறந்துவிட்டான். ஷார்ஜாவில் யாரோ எடுத்துக் கொடுப்பார்கள் போலிருக்கிறது. நான் வளையலில் மாட்டியிருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன்.

"டிரைவர் சீட்ல ஒக்காந்து எண்ணுக்கா."

அந்த சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இவருடைய வியர்வையும் சாம்பிராணியும் கலந்த வாசம் அடித்தது. பெட்ரோல் வாசமும்தான். சாவியைத் திருப்பினேன். விளக்கு சிமிட்டியது. ஒன்று, இரண்டு. நின்றது. மறுபடி ஒன்று, இரண்டு. நின்றது. பால்வாடிப் பிள்ளைகளோடு சேர்ந்து எண்ணுவது போல நான் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தேன். துரைக்கண்ணு வாசலில் நின்று சிரித்தான். சிரிக்கட்டும்.

"ரெண்டு, அப்பறம் ரெண்டுடா. திரும்பத் திரும்ப அதான் வருது."

"இருபத்திரெண்டு" என்றான் கிறிஸ்டோபர். சைலன்சர் பக்கத்துச் சென்சாரைப் பற்றி அவன் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. "இன்ஜின் தண்ணி சூடு. அதப் பாத்துச் சொல்ற சென்சார் அவுட்டுக்கா."

"அதுக்கும் பெட்ரோலுக்கும் இன்னா?"

"உள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்குது. இன்ஜின் ஜில்லுனு இருந்தா அது பெட்ரோல ஜாஸ்தியா ஊத்தும். சூடானதும் கொறைச்சுக்கும். இப்ப இன்ஜின் கொதிச்சுக்கினு இருந்தாலும் ஜில்லுனு இருக்குதுன்னே அதுக்குத் தகவல் போவுது. ஊத்திக்கினே இருக்குது. எரியாத பெட்ரோல் பொகையில போவுது. அந்த நாத்தந்தான் மாமா சட்டையில."

எனக்கு ஆடலாம் போல இருந்தது. காய்ச்சல் இல்லாத பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யாரோ சொல்ல, மருந்தை ஊற்றிக்கொண்டே இருப்பது போலத்தானே இது! அப்போதே செயலாளரைக் கூப்பிடலாம் என்றேன். கிறிஸ்டோபர்தான், சென்சாரை மாற்றி விளக்கை அணைத்துக் காட்டிவிட்டே கூப்பிடலாம், அப்போதுதான் கெத்து என்றான்.

கெத்து! சென்னை புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய சென்சார் ஒன்று பிடித்துக்கொண்டு வந்தான். மாட்டினான். ஒரு ஃபியூஸைக் கழற்றி மாட்டினான், அப்படிச் செய்தால் பழைய கோளாறை வண்டி மறந்துவிடுமாம். செயலாளரும் வந்து நின்றார். வண்டியைக் கிளப்பி, ரங்கசாமி குளம் வரை ஒரு சுற்று போய்விட்டு வந்தான். திரும்பி வந்து நின்றபோது மஞ்சள் விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. ஊக்கைப் போட்டுப் பார்த்தால் அதே இரண்டு, அதே இரண்டு.

செயலாளர், "கோவிலுக்கு நாழியாறது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். துரைக்கண்ணு என்னைப் பார்த்த பார்வைக்கு அவனை அந்த இடத்திலேயே ஒரு பிடி பிடித்திருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் பணயம் வைத்துவிட்டேனே, இவரைக் கேட்காமலே வைத்துவிட்டேனே!

"இருபத்திரெண்டுன்னா சென்சார்தான்னு நெனச்சுட்டேங்கா" என்றான் கிறிஸ்டோபர். குரலில் ஷார்ஜா இறங்கியிருந்தது. "அது எடத்தத்தான் சொல்லுது, காரணத்தச் சொல்லல. சென்சார்லேர்ந்து கம்ப்யூட்டர் வரைக்கும் வயர் போவுது. நடுவுல எங்கியாவது இருக்கும். மாமா வந்தா நல்லா இருக்கும். லைட்டு என்னிக்கு வந்திச்சு, அதுக்கு முன்னாடி இன்னா நடந்துச்சுன்னு அவருக்குத்தான் தெரியும்."

"அவரு வர மாட்டாரு."

வந்தார். மறுநாள் காலை நாங்கள் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது வாசல் கேட்டின் சத்தம் கேட்டது. சாவியை மேசைமேல் வைத்தவர் இந்த வாசலை மிதிக்கவே மாட்டார் என்று நினைத்திருந்தேன். வந்தவர் எங்களைப் பார்க்கவில்லை, முதலில் டயரைப் பார்த்தார்.

"காத்து எறங்கியிருக்குது பார்" என்றார். வண்டியிடம்தான் சொன்னார்.

"மாமா, லைட்டு என்னிக்குலேர்ந்து எரியுது?"

"பூஜைக்கு மறுநாள்லேர்ந்து."

"பூஜைக்கு முன்னாடி வண்டியில யாராச்சும் கை வெச்சாங்களா?"

"ஒருத்தரும் வெக்கல. நான்தான் கழுவினேன்."

கிறிஸ்டோபர் மீட்டரின் ஒரு முனையைச் சென்சாரில் வைத்தான், மறுமுனையை வயர் முடிகிற இடத்தில் வைத்தான். முள் அசையவில்லை. சென்சாரிலிருந்து கிளம்பும் வயரைக் கையாலேயே தடவிக்கொண்டு போனான். பாட்டரிக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில், இரண்டு வயர்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் ஓர் இணைப்பு இருந்தது. அதன் மேல் இருக்க வேண்டிய ரப்பர் மூடி எந்தக் காலத்திலோ போய்விட்டது. வாய் திறந்து, குங்குமச் சிமிழ் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கிறிஸ்டோபர் அதை இழுத்துப் பிரித்தான்.

சந்தன வாசம் வந்தது.

உள்ளே மஞ்சளாக, கட்டியாக, நடுவில் குங்குமத்தின் கறை. பின்கள் பச்சை பூத்துப் போயிருந்தன. கல்லில் உரைத்த அசல் சந்தனம். பொட்டலச் சந்தனமாக இருந்திருந்தால் என்றைக்கோ உதிர்ந்திருக்கும்.

இவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நல்ல நாளில் பிள்ளைக்குப் பொட்டு வைப்பது போல, ஒரு மூலை விடாமல் தேடித் தேடி வைத்திருக்கிறார். பார்க்கச் சிமிழ் போல இருந்த இந்த இணைப்புக்கும் ஒன்று. அந்த ஒன்று தண்ணீரோடு சேர்ந்து உள்ளே இறங்கி, வண்டியைப் பைத்தியம் பிடிக்க வைத்து, அவரையே திருடனாக்கிவிட்டது.

"என் கையாலயா?" என்றார். அவ்வளவுதான் வந்தது.

நான் சட்டென்று சுற்றும் முற்றும் பார்த்தேன். முற்றத்தில் வேறு யாரும் இல்லை.

"டேய், சீக்கிரம் தொட. வயர்ல துருன்னு சொல்லிடு. பழைய வண்டி, துரு புடிக்கும். சந்தனம்னு ஒரு வார்த்தை யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா திருடலன்னு சொல்ற வாய், வண்டியக் கெடுத்தவன்னு சொல்லும்."

"ஆமாக்கா, துருவும்தான் இருக்குது. பொய் ஒண்ணும் இல்ல" என்று கிறிஸ்டோபரும் ஒத்துக்கொண்டான். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, உப்புத்தாளைச் சின்னதாகக் கிழித்துப் பின்களைத் தேய்த்தான். இவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்குத்தான் சொன்னார்? சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இணைப்பை மாட்டி, டேப் சுற்றி, ஃபியூஸைக் கழற்றிப் போட்டு, மறுபடி ரங்கசாமி குளம் வரை போய் வந்தோம். இந்தத் தடவை ஓட்டியது இவர். மஞ்சள் விளக்கு எரியவில்லை. பின்னாலிருந்து வந்துகொண்டிருந்த கறுப்புப் புகையும் இல்லை.

அன்றைக்குத் தாமலில் முகாம். டாக்டரம்மா வந்துவிட்டார். நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களும் முற்றத்தில் கூடிவிட்டார்கள். செயலாளர் கோவிலிலிருந்து துளசியோடு வந்தார். துரைக்கண்ணு, கிருஷ்ணவேணி, எல்லாரும் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றார்கள். நானே சொல்லி நிற்க வைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்டோபர் விளக்கிச் சொன்னான். இன்ஜின் சூடாகிவிட்டது என்ற தகவல் வயர் வழியாகப் போகவில்லை, அதனால் வண்டி பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்தது, யாரும் எடுக்கவில்லை. வண்டியிலிருந்து முதலில் கழற்றிய சென்சாரையும் கையில் வைத்துக் காட்டினான். அதில் ஒரு குறையும் இல்லை என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

"வயர்ல துரு சார். அவ்ளோதான்."

செயலாளர் தலையசைத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நான் எதற்காக இத்தனை நாள் அலைந்தேனோ அந்த வார்த்தை அவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"துரு இல்ல சார்" என்றார் இவர்.

வேண்டாம் என்று கண்ணால் ஜாடை காட்டினேன்.

"சந்தனம். ஆயுத பூஜைக்கு நான்தான் வெச்சேன். வயரோட வாய்க்குள்ள போயிருக்குது. பெட்ரோல் வீணாப் போனதுக்கு நான்தான் காரணம். எடுக்கல. ஆனா வீணாக்கினது நான்தான்."

இவர் ஒரே மூச்சில் இத்தனை பேசி நான் கேட்டதே இல்லை. பேசுவதற்கு இந்த நேரம்தானா கிடைத்தது! அவரை அப்படியே பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. துரைக்கண்ணு, "பாத்தீங்களா சார்" என்று ஆரம்பித்தான்.

"நீ செத்த சும்மா இரு" என்றார் செயலாளர்.

கண்ணாடியைக் கழற்றினார். மேல்துண்டில் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

"லைட் எரியறதுன்னு இவன் எங்கிட்ட வந்து சொன்னான். பூஜை முடிஞ்ச வாரமே சொன்னான். வண்டி ஓடறதோன்னோ, விடுன்னு நான்தான் சொன்னேன்." நிறுத்தினார். "அன்னிக்கு இதே எடத்துல நிக்க வெச்சுக் கேட்டேனே, அப்பவும் எனக்கு அது ஞாபகம் இருந்தது. இவன் அதச் சொல்லுவானோன்னு பாத்தேன். சொல்லல. நானும் சொல்லல."

கண் கட்டிய கிழவர் ஒருவர் என்ன நடக்கிறது என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

"பரசுராமன் பெட்ரோல் எடுக்கல. என்னைவிட யோக்கியமானவன்" என்றார் செயலாளர். கிறிஸ்டோபரிடமிருந்து சாவியை வாங்கி, நாலு எட்டு நடந்துவந்து, இவர் கையில் கொடுத்தார்.

இவர் அதை வாங்கிக்கொண்டு, "டயர்ல காத்து அடிக்கணும் சார்" என்றார்.

அன்று தாமலுக்கு என்னையும் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார். எனக்குப் பால்வாடி விடுமுறை. பின் சீட்டில் டாக்டரம்மா தூங்கிக்கொண்டு வந்தார். நான் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். நான் கட்டிவைத்ததை எல்லாம் ஒரு நொடியில் போட்டு உடைக்கப் பார்த்தீர்களே, அந்த மனுஷர் நல்லவராய் இருக்கப்போய்த் தப்பித்தீர்கள், இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். மஞ்சள் விளக்கு அணைந்தே இருந்தது. நான் அதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் திட்டினேன்.

பாலுச்செட்டிச் சத்திரம் தாண்டியதும் அவர் மெல்ல, "எல்லம்மா" என்றார்.

"இன்னா?"

"அன்னிக்கு நடந்தே வந்தேன் இல்ல. நீ கேப்பேன்னு நெனச்சுக்கினே வந்தேன். எடுத்தீங்களான்னு." கியரை மாற்றினார். "இவ்ளோ பேசற. அந்த ஒண்ண மட்டும் நீ கேக்கவே இல்ல."

கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே, அதை எப்படிச் சொல்வது?

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.